குல்மார்க்கில் பனிச்சறுக்கு: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

நம்மூரிலிருந்து காஷ்மீரின் குல்மார்க் போகிறவர்கள் பலர் கொண்டோலா என்கிற கேபிள் காரில் ஏறி, போட்டோ எடுத்து, மேகி சாப்பிட்டுவிட்டு அன்று மாலையே ஸ்ரீநகர் திரும்பிவிடுகிறார்கள். சறுக்கிப் பார்க்கும் ஆசை இருந்தால் அங்கேயே தங்குங்கள். நாங்கள் பிப்ரவரியில் போனோம். பனி கொட்டிக் கிடந்ததால் எங்கள் வண்டி டாங்மார்க்கோடு நின்றுவிட்டது, அங்கிருந்து மேலே சுமார் 13 கிலோமீட்டருக்கு டயரில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிதான். இறங்கியதுமே ஸ்லெட்ஜ் என்கிற பனிச்சறுக்கு வண்டி இழுப்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பாவம், அவர்களுக்கு அதுதான் பிழைப்பு, ஆனால் வாடகையை முதலிலேயே பேசிவிடுங்கள்.

கோடையில் கோல்ஃப் மைதானமாக இருக்கிற இடம்தான் பனிக்காலத்தில் கற்றுக்குட்டிகளின் சரிவு. ஸ்கீ பூட்ஸை மாட்டிக் கொக்கிகளை இறுக்கினால் கணுக்கால் அசையாது, முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்துதான் நிற்க வேண்டும். பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் போகும், போன அடுத்த நொடி பூட்ஸில் மாட்டிய சறுக்குப் பலகை நம் பேச்சைக் கேட்காது. பயிற்சியாளர் முதலில் சறுக்கலை நிறுத்தத்தான் கற்றுக்கொடுத்தார்: பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, உள்விளிம்பைப் பனியில் அழுத்த வேண்டும். இது கைவந்த பிறகு, அட, மெதுவாகப் போவதே அவ்வளவு சுகம்.

கொண்டோலாவின் முதல் கட்டம் கோங்டூரி வரை. இரண்டாவது அஃபர்வட் மலைமுகட்டுக்கு, கிட்டத்தட்ட 3,950 மீட்டர் உயரம். அங்கிருந்து சறுக்கி இறங்குவது தேர்ந்தவர்கள் வேலை. காற்று வீசினாலோ பெரும்பனி பெய்தாலோ இந்த இரண்டாவது கட்டத்தை மூடிவிடுவார்கள், அதற்காகச் சண்டை போடாதீர்கள். 2024 பிப்ரவரியில் அந்தப் பக்கம் பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டுச் சறுக்காளர் ஒருவர் இறந்தே போனார்.

— — —

அக்கா, நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. நாங்கள் அம்மாவோடு போயிருந்தோம். கோங்டூரியிலேயே அவருக்கு லேசாக மூச்சு வாங்கியதால் தங்கையோடு அங்கேயே உட்காரவைத்து, கையில் கஹ்வா என்கிற காஷ்மீர் தேநீரைக் கொடுத்துவிட்டு நானும் மாமாவும் மட்டும் மேலே போனோம். நங்கா பர்பத் சிகரம் தெரியும் என்று ஆசையாகப் போனால் பக்கத்தில் நிற்கிற மாமாவே சரியாகத் தெரியவில்லை, டிக்கெட் காசு மேகத்துக்குப் போனது. அப்புறம் ஒன்று, வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும், இல்லாவிட்டால் மேலே போனவர்களும் கீழே இருப்பவர்களும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.