கொலைப் படம் எடுத்தவன் சாட்சிக் கூண்டில் ஏறினால்

மேலூர் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தேன். ஃபிலிம் காலத்தில் கொலை, தூக்கு என்றால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துவிடும். கல்யாண ஆல்பத்தை அப்படியே போட்டுவிட்டுக் கேமராவோடு ஓட வேண்டும். படம் கொடுத்ததோடும் விடாது. வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனதும் மதுரை கோர்ட்டிலிருந்து சம்மன் வரும். நெகட்டிவோடு போய், "நான் எடுத்ததுதான்" என்று சாட்சி சொல்ல வேண்டும்.

ஒரு வழக்கில் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், வக்கீல் என்னைக் கேட்டது இரண்டே கேள்வி. ஃபிளாஷ் போட்டுத்தானே எடுத்தீர்கள்? ஆமாம். இதில் என் கட்சிக்காரர் எங்கே இருக்கிறார்? இல்லை. அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். முதல் கேள்வி ஏன் என்று தொழில்காரனுக்குப் புரியும். ஈர ரத்தத்தில் கிட்டத்திலிருந்து ஃபிளாஷ் விழுந்தால் பளபளவென்று அடிக்கும். நேரில் அது கருத்து, மண்ணோடு மண்ணாகத்தான் கிடந்தது.

எதிரியை ஸ்டேஷனில் பார்த்தபோது தாடி, கைலி, சிவந்த கண். கோர்ட்டில் வெள்ளைச் சட்டை, மழுங்கச் சிரைத்த முகம், நெற்றி நிறையத் திருநீறு. இவனா செய்திருப்பான் என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. ஜட்ஜ் ஐயா அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. படங்களைப் புரட்டினார், நம்பர் போடச் சொன்னார், கவிழ்த்து வைத்தார். அடுத்து டாக்டர் ஏறியதும் காயங்களின் நீள ஆழத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்த இடத்தில் ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுத்த குழு, உட்கார்ந்திருந்தால்? நானாவதி என்ற கடற்படை அதிகாரி மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற 1959 வழக்கில், அவர் வெள்ளைச் சீருடையில்தான் பம்பாய் கோர்ட்டுக்கு வந்தார். ஜூரியில் 8 பேர் குற்றவாளி இல்லை என்றார்கள், ஒருவர் மட்டும் மறுத்தார். ஹைகோர்ட் அதைத் தள்ளி ஆயுள் தண்டனை கொடுத்தது. 1961இல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. சீருடை ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், பத்திரிகையும் அவர் பக்கம் ஊதியது. 1973இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரியே இல்லாமல் போனது.

அமெரிக்காவில் இன்னும் இருக்கிறது. எதிரியைக் கட்டாயப்படுத்திச் சிறை உடையில் ஜூரி முன் நிறுத்தக் கூடாது என்று 1976இல் அந்த ஊர் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதற்கு முந்தைய வருடம் சிகால், ஆஸ்ட்ரோவ் என்ற இருவர் செய்த ஆய்வும் உண்டு. ஒரு வழக்கைக் கொடுத்துத் தண்டனை சொல்லச் சொன்னபோது, அழகான ஆள் திருடினால் மாணவர்கள் குறைந்த தண்டனை போட்டார்கள். அதே அழகை வைத்து ஏமாற்றியதாகச் சொன்னால் அந்தச் சலுகை இல்லை. நம்மூர் சீட்டுக் கம்பெனி ஆட்களை நினைத்தால் சரியாகத்தான் படுகிறது.

அப்பீல் வேறு கதை. 2004 முதல் ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட் கிளை இருக்கிறது. அங்கே பெரும்பாலும் கேஸ் கட்டை வைத்துத்தான் வாதம், எதிரியின் முகத்துக்கு வேலை இல்லை. சிரைத்த முகமும் திருநீறும் கீழ்க்கோர்ட்டோடு நின்றுவிடும். ஃபிளாஷில் எடுத்த படம் மட்டும் கட்டோடு மேலே போகும்.