இங்கிலீஷில் கனமான சொற்கள் மனதில் நிற்க மாட்டேன் என்கின்றன

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பத்தாவது வரை இங்கேயே, கேரளாவில் பாலக்காட்டுப் பக்கம், தமிழ் மீடியம், இப்போது கோயம்புத்தூரில் எம்.காம்., தினமும் வேலந்தாவளம் வழியாக பஸ். வங்கித் தேர்வுக்காக அகராதியைப் பார்த்து நாளைக்கு முப்பது சொல் மனப்பாடம் செய்கிறேன், ஞாயிற்றுக்கிழமை புரட்டினால் பாதியைக் காணோம். என்ன செய்யலாம்?

வாளையார் அக்கா:
தம்பி, முப்பது எல்லாம் வேண்டாம், எட்டு போதும். வேரைப் பிடி. லத்தீனில் 'ஸ்பெக்' என்றால் பார்ப்பது. இன்ஸ்பெக்ட் உனக்கே தெரியும். ரெட்ரோஸ்பெக்ட் திரும்பிப் பார்ப்பது, இன்ட்ரோஸ்பெக்ட் உள்ளே பார்ப்பது, சர்க்கம்ஸ்பெக்ட் சுற்றுமுற்றும் பார்த்து நடப்பவர், அதாவது எச்சரிக்கையான ஆள். ஒரு வேருக்கு நாலு சொல், கணக்கு சரிதானே? நம் மலையாளம் பக்கமிருந்து இங்கிலீஷுக்குப் போனதும் உண்டு, டீக் நம்ம தேக்குதான்.

குப்பம் வாசி:
அக்கா சொல்வது சரி, ஆனால் வேரை மட்டும் நம்பினால் கவிழ்த்துவிடும். 'மால்' என்றால் கெட்டது என்று படித்துவிட்டு 'மாலியபிள்' என்பதைக் கெட்ட சொல் என்று எழுதிவிட்டு வந்தேன் நான். அது சுத்தியலுக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம், தட்டினால் வளைந்து கொடுப்பது என்று பொருள். மறதியை எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் 1885லேயே தன்னையே வைத்து அளந்து எழுதிவிட்டார். ஒரே நாளில் பத்துத் தடவை பார்ப்பதைவிட நாளைக்கு, மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று விட்டு விட்டுப் பார், அதுவும் அர்த்தத்தை மூடி வைத்துக்கொண்டு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மூடி வைத்துப் பார்ப்பதுதான் நான் செய்யாதது. இன்றைக்கு பஸ்ஸிலேயே எட்டு சொல்லோடு ஆரம்பிக்கிறேன், உட்கார இடம் கிடைத்தால்.