பிரிந்த பிறகு குழந்தை யாரிடம்? கூட்டுப் பொறுப்பா, ஒருவர் வசமா?

பொருநை:
விவாகரத்து வழக்கு குடும்ப நல நீதிமன்றத்தில் நடக்கிறது. மகளுக்கு எட்டு வயது, அம்மாவிடம் இருக்கிறாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, கோர்ட் வளாகத்தில் இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு. சுற்றிலும் இன்னும் பத்துக் குடும்பங்கள், நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் நாங்கள். பேச ஆரம்பிக்கும்போதே நேரம் முடிந்துவிடுகிறது. சட்ட ஆணையம் 2015-இல் கொடுத்த 257-ஆவது அறிக்கையிலேயே கூட்டுப் பொறுப்பைச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டது. மாதத்தில் பாதி நாட்கள் அப்பாவிடம், பாதி நாட்கள் அம்மாவிடம் என்பதுதான் எல்லா வழக்கிலும் தொடக்கமாக இருக்க வேண்டும். வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லட்டும்.

தேன்மொழி:
உங்கள் வலி புரிகிறது சார். ஆனால் அந்தக் கடைசி வரியை ஒத்துக்கொள்ளவே முடியாது. அடி தாங்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய பெண் எந்தக் காரணத்தை எப்படி நிரூபிப்பாள்? கதவைச் சாத்திக்கொண்டு நடந்ததற்குச் சாட்சி யார்? என் வழக்கில் மகனைப் பற்றி அவன் அப்பாவிடமிருந்து வருடக்கணக்கில் ஒரு போன் கூட வரவில்லை. ஜீவனாம்ச மனு போட்டதும் அடுத்த வாய்தாவிலேயே 'பையன் என்னோடும் இருக்கட்டும்' என்று எதிர்மனு வந்தது. பாதி நாள் வைத்துக்கொண்டால் பணம் தர வேண்டாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 'பாதி நாள்' என்பதைச் சட்டமாக்கினால் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் முதலில் பயன்படும்.

பொருநை:
நான் மாதாமாதம் பணம் கட்டுகிறேன் மேடம். ஒருவர் செய்ததற்காக எல்லா அப்பாக்களையும் சந்தேகப்பட்டால் எப்படி? அடித்தவனுக்குக் குழந்தையைக் கொடுக்கச் சொல்லவில்லை. அடிக்காதவனையும் கோர்ட் வராண்டாவில் உட்கார வைக்காதீர்கள் என்கிறேன்.

கருப்புக் கோட்டு:
குடும்ப வழக்குகள் நடத்துகிறேன், அதனால் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

பொருநை சார், அந்த 257-ஆவது அறிக்கை நீங்கள் சொன்ன அளவுக்குப் போகவில்லை. குழந்தையின் நலனுக்கு உகந்தால் கூட்டுப் பொறுப்பு தரலாம் என்று நீதிபதிக்கு ஒரு வழியைத் திறந்துவிடச் சொன்னது. எல்லா வழக்கிலும் அதுவே தொடக்கம் என்று சொல்லவில்லை. சட்டத் திருத்தமும் வரவில்லை.

'அஞ்சு வயசு வரைக்கும் அம்மா, அப்புறம் அப்பா' என்று ஊரில் சொல்வதும் தவறு. 1956-ஆம் வருட இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்கிறது, அவ்வளவுதான். எந்த வயதானாலும் 13-ஆவது பிரிவுப்படி குழந்தையின் நலன்தான் முதலில். விவரம் தெரிந்த வயது என்றால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம். 1890-ஆம் வருடக் காப்பாளர் சட்டத்தின் 17-ஆவது பிரிவிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

தேன்மொழி மேடம், பணம் வேறு, பார்ப்பது வேறு. பார்க்க விடவில்லை என்று பணத்தை நிறுத்த முடியாது. பணம் வரவில்லை என்று பார்ப்பதைத் தடுக்கவும் முடியாது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. ஜீவனாம்சத்தையும் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும். ஜீவனாம்ச மனுவுக்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவுக்குப் பதிலாக இப்போது புதிய சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144-ஆவது பிரிவு.

தேன்மொழி:
சட்டம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தானே இதெல்லாம். மகனின் அப்பா பெரிய வக்கீலை வைத்தார், நான் அம்மாவின் வளையலை அடகு வைத்தேன். 1987-ஆம் வருடச் சட்டப்பணிகள் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இதைப் படிக்கும் பெண்கள் 15100-க்குக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.

வகுப்பாசிரியை:
இடையில் வருகிறேன். மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பள்ளிக்கூட வாசலில் அம்மாவும் தாத்தாவும் ஒரு பக்கம், அப்பா இன்னொரு பக்கம் நின்று இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். யார் கூட்டிப் போக வேண்டும் என்று உத்தரவில் ஒரு வரி இல்லை. நாங்கள் யாரிடம் அனுப்புவது?

கருப்புக் கோட்டு:
டீச்சர் கேட்டதுதான் அடிப்படைக் கேள்வி. கூட்டுப் பொறுப்பு, ஒருவர் வசம் என்ற தலைப்பை விட உத்தரவுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் குழந்தையின் வாரத்தைத் தீர்மானிக்கிறது. யஷிதா சாஹு வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், பார்க்கும் உரிமை எப்படி, எந்த முறையில், என்னென்ன விவரங்களோடு என்பதைத் தெளிவாக வரையறுக்க வேண்டும் என்று சொன்னது. எங்கே சந்திப்பது, எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்து விடுவது, காய்ச்சல் வந்தால் எந்த நாளுக்கு மாற்றுவது, பொங்கல் லீவு, கோடை லீவு, வீடியோ கால், பெற்றோர் கூட்டம், ரேங்க் கார்டில் கையெழுத்து. இதையெல்லாம் மனுவிலேயே கேளுங்கள். 'நியாயமான நேரத்தில் பார்க்கலாம்' என்று மட்டும் எழுதி வாங்கிவிட்டு, அப்புறம் வந்து அழுகிறவர்கள்தான் அதிகம்.

பொருநை:
எழுதி வாங்கியும் என்ன பயன்? 'குழந்தை வரமாட்டேங்குது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உத்தரவை நடைமுறைப்படுத்தச் சொல்லி நிறைவேற்று மனு போட்டு, அதற்கு கோர்ட்டில் எண் கொடுத்து விசாரணைக்கு வருவதற்குள் மகள் என்னை மறந்துவிடுவாள். அதனால்தான் தொடக்கத்திலேயே பாதி நாள் வேண்டும் என்கிறேன்.

தேன்மொழி:
உத்தரவை மீறுகிறவர்களைத் தண்டியுங்கள், நானும் ஆதரிக்கிறேன். அதற்காக எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுகோல் வேண்டாம். ஒன்று கேட்கிறேன் சார், உங்கள் வீட்டிலிருந்து அவளுடைய பள்ளி எவ்வளவு தூரம்? பாதி நாள் உங்களோடு என்றால் காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவீர்கள்? சாயங்காலம் வீட்டில் யார் இருப்பார்கள்?

பொருநை:
இப்போது தூரம்தான். பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் அம்மா கூட வந்து இருப்பார்.

கருப்புக் கோட்டு:
அப்படியென்றால் வாடகை ஒப்பந்தத்தை முடித்துவிட்டு அதை இணைத்து, இடைக்கால உத்தரவை மாற்றச் சொல்லி மனு போடுங்கள். இந்து திருமணச் சட்டம் 26-ஆவது பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. முதலில் சனிக்கிழமை பகல் முழுக்க வீட்டில், இரண்டு மாதம் சரியாகப் போனால் இரவுத் தங்கல் என்று படிப்படியாகக் கேளுங்கள். எடுத்த எடுப்பில் பாதி நாள் கேட்காதீர்கள்.

தேன்மொழி:
இதை எதிர்க்க எனக்குக் காரணம் இல்லை. 'எல்லோருக்கும் பாதி நாள்' என்று சட்டம் போடச் சொன்னால் மட்டும் மறுபடியும் எதிர்ப்பேன்.

பொருநை:
நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன் மேடம். மனுவை இந்த வாரமே போடுகிறேன்.