மாசிப் பௌர்ணமி – ராமாயி பாட்டி குடும்பம் குழுவில்

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். பேரன் மகிழனுக்கு மாசிப் பௌர்ணமி அன்று குலசாமி கோயிலில் முடி இறக்கிக் காது குத்துகிறோம். காலை 9 மணிக்குள் எல்லோரும் வந்துவிட வேண்டும். தாய்மாமன் சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில்தான் வருகிறார், அதனால் தேதியை மாற்றச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம்.

மணி சித்தப்பா: கிடா எத்தனை?

பெரியப்பா: இரண்டு.

மணி சித்தப்பா: போன தடவை மாதிரி குழம்பு பத்தாமல் போகக் கூடாது.

செல்வி அத்தை: கடைசிப் பந்திக்குத்தான் பத்தவில்லை. கடைசிப் பந்தியில் யார் உட்கார்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

குமார் அண்ணன்: அத்தை…

தேன்மொழி: பெரியப்பா, அன்றைக்கு எனக்கு ஃபீல்டு இருக்கிறது. வர முடியுமா தெரியவில்லை.

அம்மா: என்னடி சொல்றே

பெரியப்பா: பௌர்ணமி அன்றைக்கா காலேஜ்?

ரேவதி அண்ணி: தேனு, நீதான் அத்தை. முடியை உன் மடியில்தானே வாங்கணும்

தேன்மொழி: கோபப்படாமல் முழுசாகப் படியுங்கள். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் ஒரு சேற்றுத் திட்டு இருக்கிறது. என் ப்ராஜெக்ட் அங்கேதான். கரையிலிருந்து தண்ணீர் விளிம்பு வரை கயிறு கட்டுவோம். பிவிசி பைப்பில் அரை மீட்டர் சதுரமாக ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். அதைச் சேற்றில் வைத்து, உள்ளே எத்தனை நண்டு வளை, எத்தனை ஊரி நத்தை என்று எண்ண வேண்டும். அப்புறம் அந்தச் சேற்றை வெட்டி எடுத்து அரை மில்லிமீட்டர் கண் சல்லடையில் அலசினால் நூல் மாதிரி புழுக்கள் மிஞ்சும். இதில் கீழ்த்திட்டு மற்ற நாளில் தண்ணீருக்குள் கிடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் வெளியே தெரியும். அப்போது சூரியன், நிலா, பூமி மூன்றும் நேர்கோட்டில் வருவதால் இழுப்பு அதிகம், கடல் மற்ற நாளைவிட அதிகம் ஏறி அதிகம் வற்றும். நம் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம்கூட வராது. ஆனால் திட்டு தட்டை என்பதால் ஒரு சாண் தண்ணீர் இறங்கினாலே நிறைய தூரத்துக்குச் சேறு தெரியும். மார்கழிக்கும் தைக்கும் எடுத்தாயிற்று. மாசியை விட்டால் அட்டவணையில் ஒரு கட்டம் காலி.

மணி சித்தப்பா: படித்தேன். கிடா இரண்டு போதுமா?

அம்மா: புழு எண்ணவா ரெண்டு வருஷம் பீஸ் கட்டுறோம்

பெரியப்பா: நர்சிங் சேருங்கள் என்று அன்றைக்கே தலையால் அடித்துக்கொண்டேன்.

செல்வி அத்தை: நர்சிங் சேர்ந்திருந்தால் மட்டும் காதுகுத்துக்கு லீவு கொட்டிக் கொடுப்பார்களா அண்ணா

மணி சித்தப்பா: தேனு, அங்கே வஞ்சிரம் கிலோ என்ன விலை?

தேன்மொழி: விலை கேட்டதில்லை சித்தப்பா. நாங்கள் மீன் இறங்கும் இடத்துக்குப் போனால் விற்காத குவியலைத்தான் கிளறுவோம். அதில்தான் விதவிதமாக இருக்கும். சார் ஒவ்வொன்றுக்கும் லத்தீன் பெயர் சொல்வார். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஆயா காரப்பொடி, கிழங்கான், கிளாத்தி என்று சொல்லிக்கொண்டே போவார். பரீட்சையில் எனக்கு ஆயா சொன்னதுதான் முதலில் ஞாபகம் வந்தது.

மணி சித்தப்பா: கிழங்கான் வறுத்தால் அருமையாக இருக்கும்

பாட்டி: [குரல் பதிவு 0:41]

குமார் அண்ணன்: பாட்டி கேட்பது: அது சுனாமி வந்த ஊராச்சே, பிள்ளை ஏன் தண்ணீரில் இறங்குகிறாள்?

தேன்மொழி: பாட்டி, முழங்கால் சேறுதான். சுனாமி பற்றி என் செமினாரே இருந்தது. பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் உயிர்ச்சேதம் குறைவு, காடுதான் காத்தது என்று 2005-ல் எழுதினார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது, அந்த ஊர்கள் மேட்டில் இருந்தன, கடலிலிருந்தும் தள்ளி இருந்தன, அதுதான் காரணம் என்று 2006-ல் வேறு சிலர் மறுத்தார்கள். நான் இரண்டு பக்கமும் பேசினேன், இரண்டு பக்கமும் கேள்வி கேட்டுக் கொன்றுவிட்டார்கள்.

குமார் அண்ணன்: பாட்டிக்கு என்ன சொல்ல?

தேன்மொழி: பயமில்லை என்று சொல்.

பெரியம்மா: பிச்சாவரத்தில் தில்லை மரம் இருக்காமே. பூஜைக்கு ஒரு சின்னக் கிளை ஒடித்து வாயேன்

தேன்மொழி: பெரியம்மா வேண்டவே வேண்டாம். சிதம்பரம் கோயில் தலமரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒடித்தால் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வனத்துறை காடு வேறு.

பெரியம்மா: தலமரத்தைப் போய் இப்படிச் சொல்றே

அம்மா: அக்கா அவ படிச்சதைச் சொல்றா, விடுங்க

செல்வி அத்தை: மாசிப் பௌர்ணமி என்றால் மாசிமகம். ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமியே அன்றைக்குக் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். தேனு இருக்கும் ஊருக்குப் பக்கம்தான். சாமி கடலுக்குப் போகலாம், நம் வீட்டுப் பிள்ளை போகக் கூடாதா?

பெரியப்பா: செல்வி, நான் எதைச் சொன்னாலும் நீ எதிர்ப்பக்கம்.

செல்வி அத்தை: குமார் கல்யாணத்தில் என் சீரை மட்டும் மைக்கில் சொல்லாமல் விட்டவர்கள் பக்கத்தில் எப்படி நிற்பது

குமார் அண்ணன்: அத்தை, கரண்ட் போச்சு அத்தை. ஆறு வருஷமா சொல்றேன்

செல்வி அத்தை: சம்பந்தி சீர் சொல்லும்போது கரண்ட் இருந்தது.

பெரியம்மா: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

மணி சித்தப்பா: நீக்கும் முன் நான் படித்துவிட்டேன்

ரேவதி அண்ணி: தேனு, காலையில் காது குத்தி முடிந்ததும் கிளம்பினால் முடியாதா?

தேன்மொழி: முடியாது அண்ணி. அன்றைக்குத் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்குவது மதியம் இரண்டரை வாக்கில். துறையூரிலிருந்து திருச்சி, சிதம்பரம் என்று மாறிப் போவதற்குள் இருட்டிவிடும். கீழே இறங்கிய தண்ணீர் ஆறு மணி நேரத்தில் மறுபடி ஏறிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அதுவும் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும், நிலா தினம் தாமதமாக உதிக்கிறதே, அதே கணக்கு. இன்னொன்று, நிலா இழுத்த உடனே கடல் அசைந்து கொடுக்காது. பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில்தான் ரொம்ப வற்றும். அதனால் மூன்று நாளும் எடுப்போம்.

அம்மா: அப்போ மறுநாள்தான் ரொம்ப வத்துமா?

அம்மா: தேனு

அம்மா: நீல டிக் தெரியுது

தேன்மொழி: முதல் நாள் மேல்திட்டு அம்மா. அதுவும் முக்கியம்தான்.

மணி சித்தப்பா: பிள்ளை தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது

அம்மா: மேல்திட்டு எங்கேயும் ஓடிப் போகாது. அதைக் கூடப் படிக்கிறவங்க எண்ணட்டும்

தேன்மொழி: ஒரே ஆள் எண்ணினால்தான் மாதத்துக்கு மாதம் ஒப்பிட முடியும். ஒருத்தர் வாய் அடைந்த வளையையும் சேர்த்து எண்ணுவார், இன்னொருத்தர் விட்டுவிடுவார். என் கூட்டாளி ஒருத்தி நண்டு தலையை நீட்டினால்தான் கணக்கில் சேர்ப்பாள். நாம் நின்றால் அது நீட்டாது. பத்து நிமிடம் அசையாமல் இருந்தால்தான் ஆண் நண்டு வெளியே வந்து பெரிய கொடுக்கை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடும். மற்ற கொடுக்கு துளியூண்டு, சாப்பிட மட்டும்.

மணி சித்தப்பா: பெரிய கொடுக்கைக் குழம்பு வைக்கலாமா?

தேன்மொழி: நகம் அளவுதான் சித்தப்பா இருக்கும்.

பெரியப்பா: தேன்மொழி வருகிறாள் என்று எழுதிக்கொள்கிறேன். வேன் 22 பேர்.

தேன்மொழி: பெரியப்பா, நான் இன்னும் சொல்லவில்லை. சாரிடம் கேட்கணும். அவர் சரி என்றாலும் மதியமே கிளம்பி ராத்திரிக்குள் அங்கே போய்ச் சேரணும்.

குமார் அண்ணன்: திருச்சி வரை நான் பைக்கில் கொண்டு விடுகிறேன்

ரேவதி அண்ணி: நீங்க பந்தி பார்க்கணும்

குமார் அண்ணன்: சரி, யாராவது கொண்டு விடுவோம்

செல்வி அத்தை: போகும்போது பிள்ளைக்குக் கறி கட்டிக் கொடுங்கள். கடைசிப் பந்திக்கு மிஞ்சினால்.

பெரியப்பா: பெரிய அண்டாவை யார் எடுத்து வருகிறீர்கள்?

பெரியம்மா: அண்டா செல்வி வீட்டில்

செல்வி அத்தை: என் வீட்டிலா? போன ஆடியில் திருப்பிக் கொடுத்தேன். மணி அண்ணன்தான் டெம்போவில் ஏற்றினார்.

மணி சித்தப்பா: நான் ஏற்றியது பாயும் கரண்டியும்