மரம் காய்கிறது, தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. அவசரம்

கொல்லைவீட்டான்
வணக்கம். கொல்லையில் இருக்கும் மரம் இலை மஞ்சளாகி உதிர்கிறது. நுனிக்கிளை காய்கிறது. தண்ணீர் ஊற்றுகிறேன், சாணி போட்டேன், வேப்பம் பிண்ணாக்கும் போட்டாயிற்று. போன வருடம் அமோகமாகக் காய்த்தது. நடுவில் வீக்கம் மாதிரி இருக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்? ஊர் திருமங்கலம் பக்கம்.

மேலூர்க்காரன்
என்ன மரம் அண்ணே? அதைச் சொல்லாமல் மருந்து கேட்டால் எப்படி?

செவல்மண்
போர்த் தண்ணீரா? அப்படியென்றால் உப்புதான். வேறு யோசிக்கவே வேண்டாம். அதிலும் உங்கள் பக்கம் கரிசல், தண்ணீர் வடியாது.

கொல்லைவீட்டான்
கொய்யா. போர்த் தண்ணீர்தான். ஆனால் பக்கத்தில் இருக்கும் எலுமிச்சை அதே தண்ணீரில் நன்றாக இருக்கிறதே.

நூற்புழு_எதிரி
கொய்யா, வீக்கம் என்று சொல்லிவிட்டீர்கள், முடிந்தது கதை. வேர்முடிச்சு நூற்புழு. மண்ணைக் கிளறி வேரைப் பாருங்கள், முடிச்சு முடிச்சாக இருக்கும். நானும் இந்தக் குழுவில் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கொல்லைவீட்டான்
வேரில் இல்லை சார். தண்டில், இடுப்பு உயரத்தில்.

மேலூர்க்காரன்
அந்த இடத்தில் என்ன இருக்கிறது? படம் போடுங்கள்.

கொல்லைவீட்டான்
படம் ஏறவில்லை. வீக்கத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை, கொடிக்கம்பி மட்டும். துணி காயப்போட மரத்தைச் சுற்றிக் கட்டியது. அது ரொம்ப நாளாக இருக்கிறது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மருந்து பெயர் மட்டும் சொன்னால் போதும்.

ஓய்வுபெற்ற_தாவரவியல்
சம்பந்தமில்லையா! பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை ஒருமுறை புரட்டியிருந்தால் இந்த இழையே வந்திருக்காது. பட்டைக்கு உள்பக்கம் ஒட்டியிருப்பது புளோயம். இலை சமைத்த சர்க்கரை அதன் வழியாகத்தான் வேருக்கு இறங்கும். அதற்கும் உள்ளே, கட்டைப் பகுதியில் இருப்பது சைலம். வேர் உறிஞ்சிய தண்ணீர் அதன் வழியாக மேலே ஏறும். உங்கள் கம்பி நெரிப்பது புளோயத்தை. சைலம் உள்ளே பத்திரமாக இருப்பதால் மரம் உடனே வாடவில்லை. கீழே போக முடியாத சர்க்கரை கம்பிக்கு மேலே தேங்கியது. அதுதான் வீக்கம். போன வருடம் அமோகமாகக் காய்த்ததும் அதே காரணம்தான், வேரின் பங்கையும் சேர்த்துக் காய்களே தின்றன. வேர் தன் இருப்பில் இருந்த மாவுச்சத்தை வைத்து ஓட்டியது. இப்போது இருப்பு தீர்ந்துவிட்டது. பட்டினி வேர் தண்ணீர் உறிஞ்சாது, நீங்கள் வைகையையே திருப்பிவிட்டாலும்.

ஆய்வக_அக்கா
சார், கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாமே, பாவம் அவர். தம்பி, ரத்தம் எடுக்க முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டை கட்டுவோம் அல்லவா? கட்டுக்குக் கீழேதான் நரம்பு புடைக்கும், மேலே இல்லை. கையில் இருந்து இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் அங்கே மறிக்கப்படுவதால் அப்படி. எந்தப் பக்கம் புடைக்கிறதோ அந்தப் பக்கத்தில் இருந்து சரக்கு வருகிறது என்று அர்த்தம். ஆங்கிலேய மருத்துவர் ஹார்வி 1628இல் ரத்தம் சுற்றி வருகிறது என்று எழுதியபோது இந்தக் கட்டு ஒரு முக்கியமான சாட்சி. உங்கள் மரத்தில் மேலே புடைத்திருக்கிறது, அதனால் சரக்கு மேலிருந்து வருகிறது. 1661இல் தவளை நுரையீரலில் தந்துகிகளை, அதாவது மிக நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பார்த்த இத்தாலிய மருத்துவர் மால்பிகிதான் பிற்பாடு மரத்தில் பட்டையை வளையமாக உரித்து, மேலே வீங்குவதையும் கவனித்து எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த ஆள்.

செவல்மண்
சரி, கம்பிதான் என்றே வைத்துக்கொள்வோம். அடியில் போத்து முளைத்திருந்தால் முதலில் ஒடித்துப் போடுங்கள். சத்தையெல்லாம் அதுதான் திருடும்.

ஓய்வுபெற்ற_தாவரவியல்
ஒடிக்காதீர்கள்! கம்பிக்குக் கீழே இருக்கும் இலை மட்டுந்தான் இப்போது வேருக்குச் சோறு போடும். செவல்மண், நல்ல மரத்துக்குச் சொல்லும் வைத்தியத்தை இங்கே சொல்லாதீர்கள்.

கொல்லைவீட்டான்
ஐயோ, நேற்று கொஞ்சம் ஒடித்துவிட்டேன். இரண்டு மிச்சம் இருக்கிறது.

சோழவந்தான்_தோப்பு
எல்லாம் ஏட்டுச் சுரைக்காய். எங்கள் தோப்பில் தென்னையில் ஏறுவதற்குச் சுற்றிலும் படி வெட்டியிருக்கிறோம், ஒரு மரமும் சாகவில்லை.

மேலூர்க்காரன்
தென்னை ஒருவித்திலை அண்ணே. அதில் சைலமும் புளோயமும் சேர்ந்த கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஓரத்தில் வெட்டினால் உள்ளே இருப்பவை வேலை பார்க்கும். கொய்யாவில் புளோயம் பெரும்பாலும் பட்டையோர வளையத்தில்தான், முழுசாக அறுந்தால் போதுமான மாற்று வழி இல்லை. ஆனால் தென்னையில் வெட்டிய காயம் ஆறாது, அந்த வழியாகச் சிவப்புக் கூன்வண்டு வரும். படி வெட்டுவதும் நல்லதில்லை.

அறிவியல்_தமிழன்
தண்ணீர் தானாக மேலே ஏறுமா? மரத்துக்கும் துடிக்கும் செல்கள் உண்டு, அவைதான் தண்ணீரைத் தள்ளுகின்றன என்று 1920களிலேயே ஜெகதீஷ் சந்திர போஸ் சொன்னார். நம் ஆள் சொன்னால் மட்டும் கசக்கிறது.

ஓய்வுபெற்ற_தாவரவியல்
போஸ் மேதை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. இந்தக் கொள்கை நிற்கவில்லை, அவ்வளவுதான். அவருக்கு முன்பே, 1890களில், ஸ்ட்ராஸ்பர்கர் என்ற தாவரவியலாளர் மரத் தண்டுக்குள் விஷத்தை ஏற்றி உயிர்செல்களைக் கொன்றார். அதன் பிறகும் தண்ணீர் ஏறியது. சைலக் குழாய் வேலைக்கு வருவதே அதன் செல் செத்த பிறகுதான். இலையில் நீர் ஆவியாகும்போது கீழே இருக்கும் நீர்த்தொடர் முழுவதும் இழுபடுகிறது. 1894இல் டிக்சன், ஜாலி என்ற இரு அயர்லாந்து விஞ்ஞானிகள் சொன்னது இது. நம் இதயம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது, அதற்குச் சோறு வேண்டும். மரத்துக்கு அந்த வேலையை வெயில் செய்து கொடுக்கிறது.

ஆய்வக_அக்கா
புளோயம் மட்டும் உயிரோடு இருக்கும். ஆனால் அதன் சல்லடைக் குழாய்க்கு உட்கரு கிடையாது, பக்கத்துத் துணைசெல்தான் கவனித்துக்கொள்ளும். நம் சிவப்பணுவும் சரக்குக்கு இடம்விட வேண்டி உட்கருவைத் துறந்ததுதான். அதற்குத் துணை யாரும் இல்லை, 120 நாள் போல ஓடிவிட்டு ஓய்ந்துவிடும்.

அறிவியல்_தமிழன்
சரி சரி, உங்கள் வெள்ளைக்காரரே ஜெயிக்கட்டும்.

மேலூர்க்காரன்
கேட்டவரை விட்டுவிட்டோம். அண்ணே, கம்பியை வெட்டி எடுங்கள். பட்டைக்குள் புதைந்த துண்டைப் பிய்க்காதீர்கள், வெளியே தெரிவதை மட்டும் எடுங்கள். எங்காவது ஒரு விரல் அகலப் பட்டையாவது மேலும் கீழும் தொடர்ந்திருந்தால் மரம் தப்பிக்கும். இல்லையென்றால் அந்த இரண்டு போத்தும் உயரட்டும், அவற்றின் நுனியை வீக்கத்துக்கு மேலே பட்டைக்குள் செருகிப் பாலம் மாதிரி ஒட்டுக் கட்டலாம். செய்து பழகாதவர் செய்தால் பிடிக்காது. ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

நூற்புழு_எதிரி
அப்படியே வேரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கொல்லைவீட்டான்
கம்பி எடுத்தாயிற்று. தெற்குப் பக்கம் கொஞ்சம் பட்டை ஒட்டிக்கொண்டு இருக்கிறது. போத்தைத் தொடவில்லை. வேரில் முடிச்சு இல்லை. துணிக்கு இடம் எங்கே என்று வீட்டில் சண்டை. நன்றி.

புதுவரவு_77
சார், எங்கள் வேப்பமரத்திலும் கேபிள் ஒயர் கட்டியிருக்கிறார்கள். இலை உதிர்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

ஓய்வுபெற்ற_தாவரவியல்
தனி இழை தொடங்குங்கள். அதற்கு முன் மேலே ஒருமுறை படியுங்கள்.