பள்ளி ரேட்டிங் பார்த்து எலிமெண்டரி தேர்ந்தெடுத்தவர்கள், தேர்ந்தெடுக்காதவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தொடங்கியவர் (கலிஃபோர்னியா)

அமெரிக்காவில் வீடு தேடும்போது நம் ஆட்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பக்கத்துப் பள்ளிக்கு ரேட்டிங் தளங்களில் பத்துக்கு எத்தனை மார்க் என்று பார்த்துவிடுகிறோம். எங்கள் வீட்டு முகவரிக்குரிய அரசு எலிமெண்டரிக்கு (தொடக்கப்பள்ளி) நாலு. "நாலா? அங்கேயா சேர்க்கப் போறீங்க?" என்று கேட்காத ஆளே இல்லை. சேர்த்தோம், பிள்ளை நன்றாகப் படிக்கிறான். ஆனால் நான் எழுத வந்தது அதற்கு முன் செய்த வேலையைப் பற்றி.

மாநிலக் கல்வித்துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடும் ரிப்போர்ட் கார்டை எடுத்து, பத்துக்கு ஒன்பது வாங்கிய பக்கத்துப் பள்ளியின் ரிப்போர்ட் கார்டோடு வரிக்கு வரி வைத்துப் பார்த்தேன். மேலே தெரிவது மொத்தக் கணக்கு. கீழே போனால் இனவாரியாக, வருமானவாரியாக, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் தனியாக, உடற்குறையோ கற்றல் சிரமமோ உள்ளவர்கள் தனியாக என்று பிரித்திருப்பார்கள். 2002-ல் கையெழுத்தான 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' என்ற மத்திய அரசின் கல்விச் சட்டத்திலிருந்தே இப்படிப் பிரித்துக் காட்டுவது கட்டாயம். 2015-ல் அதன் இடத்துக்கு வந்த சட்டமும் இதைக் கைவிடவில்லை.

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளின் வரியில் எங்கள் 'நாலு' ஒரு படி மேலே இருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பள்ளியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எந்த வகைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதில்தான் வித்தியாசம். அந்த ஒன்பதில் பெரும்பங்கு பெற்றோரின் சம்பளத்துக்குக் கிடைத்த மார்க் என்றே எனக்குப் படுகிறது.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1966-ல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வந்த அறிக்கையே மதிப்பெண்ணில் வீட்டுச் சூழலின் பங்கு பெரிது என்று சொல்லிவிட்டது. பள்ளி என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால், ஒரே பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறினார்கள் என்று பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷான் ரியர்டன் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோ அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள், அதாவது ஐந்து ஆண்டுகளில், ஆறு ஆண்டுக்கான முன்னேற்றம் கண்டிருந்தார்கள். வெறும் சராசரியைப் பார்த்துச் சிகாகோவைத் திட்டுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொன்று. மாநிலத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. உங்கள் குழந்தை கிண்டர்கார்டன் என்றால், அந்த ரேட்டிங்கில் அந்த வகுப்பு டீச்சரின் உழைப்பு நேரடியாக எங்கேயும் வராது.

பதில் (டெக்சாஸ்)

ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் வரியைப் பற்றி நான் சொல்கிறேன், என் மகள் அதில் இருந்தவள். சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் என்ன மொழி என்று கேட்டார்கள். தமிழ் என்று எழுதினோம். "இங்கிலீஷ்னு போட்டிருக்கலாமே, வீணா டெஸ்ட் வைப்பாங்க" என்றார் அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் நண்பர். டெஸ்ட் வைத்தார்கள்தான். தனியாக உட்காரவைத்து, படத்தைக் காட்டி, என்ன நடக்கிறது என்று சொல்லச் சொன்னார்களாம். எங்கள் வீட்டு வாயாடி அங்கே போய் ஒரு வார்த்தை பேசவில்லை! பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

அதனால் நஷ்டம் எதுவும் இல்லை, ஒரு டீச்சரின் கவனம் கூடுதலாகக் கிடைத்தது. மூன்றாம் வகுப்பில் தேறி வெளியே வந்தாள். இங்கேதான் விஷயம். நன்றாகத் தேறியவர்கள் பட்டியலை விட்டுப் போகப் போக, நேற்று விமானம் இறங்கிய பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். அப்புறம் அந்த வரி எப்படி உயரும்? அந்த எண்ணைக் காட்டி "இந்தப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தருவதில்லை" என்று பேசுவது அநியாயம்.

பதில் (இண்டியானா)

'ஆசியர்' என்ற வரியையும் அப்படியே நம்பாதீர்கள். எங்கள் பள்ளியில் ஐடி வேலையில் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளும், பர்மாவிலிருந்து அகதிகளாக வந்த சின் இனத்துப் பிள்ளைகளும் ஒரே வரி. சராசரி பார்க்க அழகாக இருக்கிறது. யாருக்கு உதவி தேவை என்பது அதில் மறைந்துபோகிறது.

பதில் (வகுப்பறை உதவியாளர்)

நான் வேலை பார்க்கும் பள்ளியில் எல்லாருக்கும் மதிய உணவு இலவசம். இதைக் கேட்டதும் "அப்போ எல்லாரும் ஏழைகளா?" என்பார்கள். இல்லை. குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டில் 130 சதவீதம் வரை இருந்தால் இலவசம், 185 வரை சலுகை விலை என்பது பொதுவான விதி. ஆனால் உணவு உதவி போன்ற அரசுத் திட்டங்கள் மூலம் நேரடியாகத் தகுதி பெற்ற பிள்ளைகள் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால், படிவமே வாங்காமல் பள்ளி முழுவதற்கும் இலவசமாகக் கொடுக்கலாம். அந்த அளவு முன்பு 40 சதவீதம், 2023-ல் 25 ஆக்கிவிட்டார்கள். ஆகவே இலவச உணவுக் கணக்கையே ஏழ்மைக்கு அளவுகோலாக வைத்து இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டால் தப்பாகத்தான் போகும். பிள்ளைகளுக்கு இது நல்லது, ஆராய்ச்சி செய்பவர்களுக்குத்தான் தலைவலி.

பதில் (நியூ ஜெர்சி)

யாரும் சொல்லாத ஒன்று, வருகைப் பதிவு. பள்ளி நாட்களில் 10 சதவீதம் வராமல் போனால் 'தொடர்ந்து வராதவர்' கணக்கு. 180 நாளில் 18. டிசம்பர் விடுமுறையோடு சேர்த்து ஊருக்குப் போய் மூன்று வாரப் பள்ளியை விட்டால் 15 நாள் போச்சு, அப்புறம் ஒரு காய்ச்சல் போதும். எங்களுக்குக் கடிதமே வந்தது. அந்தச் சதவீதமும் ரிப்போர்ட் கார்டில் ஏறுகிறது, காரணம் ஏறுவதில்லை. நம்மவர்கள் நிறைய இருக்கும் பள்ளிகளில் இந்த எண்ணை யாராவது கவனித்திருக்கிறீர்களா?