பதில்: நெடுந்தீவு ஆப்புக்கு குடும்பத்துக்கு 200 டொலர் – காசு தாறதுக்கு முதல்

எல்லாருக்கும் வணக்கம்,

யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட இருக்கிற எங்கட நெடுந்தீவைப் பார்க்க வாறவைக்கு வழி காட்டுற போன் ஆப் ஒண்டு செய்ய, வெளிநாட்டில இருக்கிற ஊர்க்காரர் குடும்பத்துக்கு 200 டொலர் தரவேணும் எண்டு சங்கச் செயலாளர் தம்பி அனுப்பின கடிதமும், ஆப்பின்ர மாதிரி டெமோவும் பார்த்தன். காசு தரமாட்டன் எண்டு சொல்ல வரேல்லை. ஆனா போன மாசம் அக்கான்ர மகள் புருசனோடையும் அவையின்ர சுவிஸ் சிநேகிதர் ரெண்டு பேரோடையும் ஊருக்குப் போட்டு வந்தவள், அவள் சொன்னதைக் கேட்ட பிறகு பேசாமல் இருக்க ஏலாமக் கிடக்கு.

யாழ்ப்பாணத்தில 776 பஸ் எடுத்துக் குறிகட்டுவானுக்குப் போயிருக்கினம். அங்க ஒரே துறையிலதானே நயினாதீவுக்குப் போற போட்டும் (படகு) நெடுந்தீவுக்குப் போற எங்கட போட்டும் வாறது. ஆரிட்டையும் கேக்காமல் முன்னால போன சனத்துக்குப் பின்னால போய் ஏறிப்போட்டினம், கொஞ்ச நேரத்தில இறங்குங்கோ எண்டாங்களாம், நிமிர்ந்து பார்த்தா நயினாதீவு நாகபூசணி அம்மன் கோபுரம். அம்மன் கூப்பிட்டவா எண்டு அக்கா சொல்லுறா, அது வேற கதை. பேந்து திரும்பி வந்து எங்கட போட்டைப் பிடிச்சு, ஒரு மணித்தியாலம் கீழ்த்தட்டில டீசல் மணத்துக்க இருந்து, சுவிஸ்காரப் பெட்டை ஒருபக்கம் சத்தியெடுக்க நெடுந்தீவு மாவிலித்துறையில போய் இறங்கினா, கடைசிப் போட் எத்தினைக்குத் திரும்புது எண்டு கேட்ட ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நேரம் சொல்லினமாம். கடல் இறுகினா வராது எண்டு ஓட்டோக்காரர் சொல்ல அதுகள் பயந்து கோட்டையை மட்டும் பார்த்துப்போட்டு ஓடி வந்திட்டுதுகள். ஆசுப்பத்திரிக்குப் பின்னால ரெண்டு சுவர், அதுதான் அதுகள் கண்ட நெடுந்தீவு.

இப்ப டெமோவைப் பாருங்கோ. எங்கட ஊர்க் காட்டுக் குதிரையள் மியூசிக்கோட ஓடுது. பெருக்குமரத்தைச் (பாவோபாப்) சுத்திச் சுத்திக் காட்டுது. போட் நேரம் எண்டு ஒரு பட்டன் கிடக்கு, அமத்தினா "விரைவில்" எண்டு வருது. இதுக்கோ 200 டொலர்?

மேற்கால வெடியரசன் கோட்டை எண்ட மற்றக் கோட்டைப் பக்கம் போனா போனில சிக்னல் ஒரு கோடும் இல்லை எண்டு ஓட்டோக்காரர் சொன்னவராம். டெமோ மெப் இன்ரநெற் இல்லாட்டி வெறும் சாம்பல். ஜிபிஎஸ் எண்டது சட்டலைற்றில இருந்து வாறது, அதுக்கு டேட்டா தேவையில்லை, மெப்பை முதலே இறக்கி வச்சா போதும் எண்டு மகன் சொல்லுறான். ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் எண்டு ஒண்டில ஒழுங்கை, கோயில், பழைய குயிண்டா கோபுரம், பழைய புறாக்கூடு எல்லாத்தையும் நாங்களே குறிக்கலாமாம், ஓர்கானிக் மெப்ஸ் எண்ட ஆப்பில அது நெற் இல்லாமலே தெரியுமாம், சதக்காசு செலவில்லை. அப்ப நாங்கள் காசு குடுக்க வேண்டியது ஆருக்கு? ஊரில இருக்கிற ஒரு பிள்ளைக்கு மாசச் சம்பளம் குடுங்கோ. காலமை துறையடியில நிண்டு இண்டைக்கு வடதாரகைப் போட் ஓடுதோ, குமுதினிப் போட் ஓடுதோ, கடைசி எத்தினை மணி எண்டு நெற்றில போட்டுவிடட்டும். ஓட்டோ, சைக்கிள் வாடகையையும் அதிலயே போடட்டும், கிழக்குக்காரர் ஒரு விலை மேற்குக்காரர் ஒரு விலை எண்டு துறையடியில இழுபறிப்படாமல்.

இன்னுமொண்டு. எல்லாத்தையும் மெப்பில குறிக்கக் கூடாது. ஆடி ஆவணியில குதிரையள் தண்ணிக்கு வாற கிணறு, தொட்டியள் இருக்கல்லோ, டெமோவில அதைப் "படமெடுக்க நல்ல இடம்" எண்டு போட்டிருக்கு. ஓட்டோவால கலைச்சுக் கலைச்சுப் படம் எடுக்கிறாங்கள் எண்டு ஊர்ச்சனம் அக்கான்ர மகளுக்குச் சொன்னவையாம், தாகத்தில வந்த குட்டி தண்ணியில வாய் வைக்காமலே திரும்பி ஓடினதாம். 2015ல தேசியப் பூங்கா எண்டு அறிவிச்சு என்ன, பார்க்கிறதுக்கு ஆர் நிக்கிறது? பவளக்கல்லு வேலியளும் அப்பிடித்தான். சாந்தில்லாமல் கல்லுக்கு மேல கல்லு அடுக்கினது, ஏறி நிண்டு படம் எடுத்தா பொலபொலவெண்டு விழும். எங்கட வடக்கு வேலியில ஒரு பாகம் விழுந்துபோய்க் கிடக்காம்.

கடைசியாக் குமுதினி. 1985 மே 15ல அந்தப் போட்டில போன எங்கட சனம் கனபேரை வெட்டிக் கொன்றவங்கள், கைக்குழந்தையும் அதுக்க. துறையடி நினைவிடத்தை டெமோவில "செல்பி பொயின்ற்" எண்டு போட்டவைக்கு ஒரு சதமும் என்ர கையால போகாது. செய்யிற கொம்பனிக்குத் தெரியாதெண்டா பரவாயில்லை, டெமோவை ஓகே பண்ணின எங்கட ஆக்களுக்கு என்ன வந்தது?

கனடா ஸ்காபரோ, தபால்காரற்ர இளைய மகள்

---

தங்கச்சி எழுதினது முழுக்கச் சரி, ஆனா கணக்கை விட்டிட்டா. ஆப்பைப் போட்டு வைக்கிறதுக்கு ஆப்பிளுக்கு வருசம் 99 டொலர், கூகிளுக்கு ஒருக்கா மட்டும் 25 டொலர். மிச்சக் காசு எங்க போகுது எண்டு கடிதத்தில ஒரு வரி இல்லை. செய்து முடிச்சாப் பிறகு வருசா வருசம் திருத்தாட்டி புதுப் போன் வாங்கிறவைக்குக் கூகிள் அந்த ஆப்பைக் காட்டாது, அந்தத் திருத்தக் காசை ஆர் கட்டுறது? முந்தி ஊர்த் தண்ணித்தாங்கிக்குச் சேர்த்த காசின்ர கணக்கே இன்னும் வரேல்லை. ரசீது புத்தகம் சங்கக்கடை அண்ணையிட்ட இருக்கெண்டு சொன்னவை, அவர் கொழும்புக்குப் போட்டார், புத்தகம் போகேல்லைத்தானே. அதை ஸ்கான் பண்ணி இந்தக் குழுவில போடும் வரைக்கும் பிரான்ஸ் கிளை ஒரு ஈரோ தராது. ஆர் கோவிச்சாலும் பரவாயில்லை.

பாரிஸ், பொருளாளர் (முன்னாள், ஏன் முன்னாள் எண்டு தெரிஞ்சவைக்குத் தெரியும்)

---

உங்களுக்கு எப்பவும் கணக்கு. மற்றத் தீவுக்காரர் எல்லாம் வீடியோ, வெப்சைற் எண்டு எங்கயோ முன்னேறிப் போட்டாங்கள், ஒல்லாந்தன் குதிரை வளர்த்த தீவு எங்கட, பிள்ளையளுக்குச் சொன்னா நம்புதுகள் இல்லை. எனக்கு ஆப் வேணும், குதிரைதான் அதில முன்னுக்கு ஓட வேணும். சின்னனில குட்டி பிடிக்கப் போய் உதை வாங்கின தழும்பு இன்னும் முழங்காலில கிடக்கு, பாரிஸ்காரர் அண்டைக்கு வேலிக்கு அங்கால நிண்டு சிரிச்சவர், அவரையும் கேளுங்கோ. கச்சதீவுத் திருவிழாவுக்கு மாசி பங்குனியில வாற சனத்துக்கு எங்கட ஊர் எங்க இருக்கெண்டே தெரியாமல் போகுது, அதையும் ஆப்பில போட வேணும்.

செல்பி பொயின்ற்றை நான் ஓகே பண்ணேல்லை. அந்தப் பக்கத்தை ஆரும் எனக்குக் காட்டேல்லை, செயலாளர் பதில் சொல்லட்டும். துறையடிப் பிள்ளையின்ர முதல் ஆறு மாசச் சம்பளம் நான் தாறன், அதுக்கு ரசீதும் கேட்க மாட்டன். ஆனா மேற்கால ஒரு பிள்ளையைப் போடுங்கோ, போன தரமும் எல்லா வேலையும் கிழக்குக்குத்தான் போனது.

ஞாயிறு சூம் கூட்டம் லண்டன் நேரமோ கனடா நேரமோ எண்டு இந்தத் தரமாவது வடிவா எழுதுங்கோ.

லண்டன் ஹரோவில இருந்து மாஸ்டற்ர மூத்தவன்